சுற்று ரயிலில் போட்ட துண்டு

1

காலையிலிருந்து இங்கே தூறிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மரியாதைக்கு நானும் சுளித்தேன். லண்டனில் இத்தனை காலம் இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் நான் இந்த ஊர்க்காரன் ஆகவில்லை. இதே தூறல் குற்றாலத்தில் விழுந்தால் அதற்குச் சாரல் என்று பெயர். அதில் நனைவதற்கென்றே மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வண்டி ஏறி வருவார்கள். இங்கே அதை வாசலிலேயே கொண்டுவந்து கொட்டுகிறது வானம். இவர்கள் குடையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நேற்று மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ரயிலில் போனேன். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து மகள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். அவள் உம்மா அதற்காகக் கவலைப்படுவாள். நான் அதிகம் கவலைப்படுவதில்லை. நேற்று அவள்தான் முதலில் பெட்டிக்குள் ஓடினாள். பாதி இருக்கைகள் காலியாகத்தான் கிடந்தன. இருந்தும் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளித் துணியை உருவி, பக்கத்து இருக்கையில் வீசிப் போட்டுவிட்டு, "உம்மா! எடம் போட்டாச்சு, வாங்க!" என்று பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். நல்ல தமிழில்.

அவள் உம்மா சிரித்த சிரிப்பு அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நிற்கவில்லை. எதிரே இருந்தவர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். காரணத்தை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். காரணம் வறுமை என்று சொன்னால் கேட்பவர்களுக்கு நன்றாக இருக்கும். வறுமை இருந்தது, ஆனால் அதற்காக விடவில்லை. வகுப்பு ஜன்னல் வழியாகக் கொல்லம் போகிற வண்டியின் புகை தெரியும். எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை.

சாரல் காலத்தில் தென்காசி ஸ்டேஷனில் ஒரு வேலை இருந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்பும் கூட்டத்துக்கு வண்டியில் இடம் பிடித்துக் கொடுக்கும் வேலை. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டி உள்ளே வரும்போதே நாங்கள் கூடவே ஓடுவோம். ஜன்னல் வழியாகத் துண்டைச் சுழற்றி உள்ளே எறிய வேண்டும். துண்டு எந்தப் பலகையில் விழுகிறதோ அந்தப் பலகை நம் ஆளுக்கு. அதற்குப் பிறகு அவசரமே கிடையாது. இறங்குகிறவர்கள் இறங்கி, பெண்களை ஏற்றி, பிள்ளைகளை ஏற்றி, எண்ணெய்ச் சட்டியையும் பலாப்பழத்தையும் ஏற்றி, கடைசியில் இடத்துக்குரியவர் வந்து அமருவார். துண்டை எடுத்து எறிந்துவிட்டு உட்காருகிற முரடர்களும் உண்டு. அதற்குச் சண்டை போடுவதும் எங்கள் வேலையில் சேர்த்தி.

இந்தத் தொழிலில் வடகரை சாகுலை அடிக்க ஆள் கிடையாது. ஓடுகிற வண்டியில் மூன்றாவது ஜன்னல் என்று சொன்னால் மூன்றாவது ஜன்னல்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து திரிந்தோம், சேர்ந்து அடி வாங்கினோம். பிறகு அவர் தங்கச்சி பாத்திமுத்துவை எனக்குக் கட்டிக்கொடுத்தார். சாகுல், சாகுல் மச்சான் ஆனார்.

கல்யாணம் ஆகி அந்த ஆண்டு சாரல் முடிவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். கொழும்பில் ஒரு ரொட்டிக் கிடங்கு. சிங்கப்பூரில் துறைமுகம். அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலில் சமையல்கட்டு. அந்தக் கப்பல் லண்டனில் வந்து நின்றபோது நானும் நின்றுவிட்டேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது. தங்க ஓர் அறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் காசு போட்டால் எரிகிற கணப்பு அடுப்பு. காசு தீர்ந்தால் அடுப்பு நின்றுவிடும்.

அதனால் குளிர்காலத்தில் லீவு நாள் வந்தால் அறையில் இருக்கமாட்டேன். இந்த ஊரில் பூமிக்கடியில் ரயில் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒரு வண்டி ஊரை வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். திரும்பவும் சுற்றும். ஒரு டிக்கெட் வாங்கி ஏறிக்கொண்டால் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கலாம்; யாரும் எழுப்பமாட்டார்கள். உள்ளே நல்ல கதகதப்பு. உட்கார்ந்து அலுத்தபோது ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்கி மேலே போய்ப் பார்ப்பேன். இங்கே ஒரு கோட்டை, அங்கே ஓர் அரண்மனை, இன்னோரிடத்தில் பூங்கா. பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கி ஏறிக்கொள்வேன். லண்டனை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

ஆனால் ஊருக்கு எழுதும்போது சுருக்கமாக எழுதிவிட்டேன்: 'லீவு நாட்களில் பூமிக்கு அடியில்தான் இருக்கிறேன். சுகமாக இருக்கிறது.' அது வடகரையில் பரவிய விதம் வேறு. வெள்ளைக்காரன் என்னைக் குழிக்குள் போட்டு வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

3

சாகுல் மச்சானுக்கும் பிற்பாடு ஒரு பயணிகள் கப்பலில் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. அந்தக் கப்பல் ஒரு முறை லண்டன் துறைமுகத்துக்கு வந்தது. அவருக்கு ஒரு பகல் வெளியே போய்வர அனுமதி கொடுத்திருந்தார்கள். வாசலில் காத்திருந்தேன். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுப் போட்டிருந்தார். கோட்டுக்கு மேலே, தோளில், சிவப்புக் கரைபோட்ட கைத்தறித் துண்டு.

"வாங்க மச்சான்."

"என்னவே மாப்ள, ஆளு இப்படி வெளுத்துல்லா போயிருக்கீரு!"

"இங்கன வெயில் இல்ல மச்சான்."

"குழிக்குள்ள எப்படிவே வெயில் வரும்?"

விளக்கிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. சாயாக்கடை ஒன்றில் உட்கார்ந்ததும் வந்த விஷயத்தைச் சொன்னார். முகத்தைப் பார்க்காமல் சாயாவைப் பார்த்துச் சொன்னார்.

"வாப்பா தீத்துச் சொல்லிட்டாரு. ஒண்ணு நீரு ஊருக்கு வந்துரணும். இல்லன்னா தங்கச்சிய இங்கன கூப்பிட்டுக்கிடணும். ரெண்டும் இல்லன்னா ஜமாத்துல பேசி அத்து விட்டுரலாம்னுட்டாரு. வருசக்கணக்கா பொம்பளப் பிள்ளைய உக்கார வச்சாச்சுல்லா."

"கூப்பிடத்தான் மச்சான் நானும் எழுதுனேன்."

"குழிக்குள்ள இருக்குதவன நம்பி எப்படி அனுப்பன்னு கேக்காரு. நான் போயிப் பாத்துச் சொல்லுததுதான் முடிவு."

"பாத்திமுத்து என்ன சொல்லுதா?"

"அவ என்னத்தச் சொல்லுவா. 'ஊரு எப்படியும் இருக்கட்டும் அண்ணே. மனுசங்க எப்படின்னு பாத்துட்டு வாங்க'ன்னா."

எனக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான். சாரல் காலத்து ஆட்களுக்கு அருவி அருவியாகச் சுற்றிக் காட்டிய பழக்கம் கைகொடுக்கும் என்று நினைத்தேன். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று ஒரு வரிசை உண்டல்லவா? அதைப் போல மனசுக்குள் ஒரு வரிசை போட்டுக்கொண்டு மச்சானைச் சுற்று ரயிலுக்குக் கூட்டிப்போனேன்.

4

படி இறங்கும்போதே கையைப் பிடித்துக்கொண்டார்.

"குழிதானவே இது?"

"ரொம்ப ஆழம் இல்ல மச்சான். நடு நடுவுல வானம் தெரியும், பாருங்க."

வண்டி இருட்டுக்குள் நுழைந்ததும் கண்ணை மூடி 'பிஸ்மில்லாஹ்' என்றார். கொஞ்ச தூரத்தில் மேலே திறப்பு வந்து வெளிச்சம் விழுந்தது. கண்ணைத் திறந்தார். மறுபடி இருட்டு. மறுபடி வெளிச்சம். இரண்டு மூன்று முறை ஆனதும் பயம் போய்விட்டது. பயம் போனதும் பழைய சாகுல் வந்துவிட்டார்.

"மாப்ள, ஆரியங்காவு குகைக்குள்ள வண்டி போகும்போது கூவுவோமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மச்சான். வேண்டாம்."

"சின்னதா ஒண்ணு."

"மச்சான்..."

கூவிவிட்டார். சின்னதாக ஒன்றும் இல்லை. மலைக் குகையில் எதிரொலிக்கிற அளவுக்கு ஒரு 'ஓ...' பெட்டியில் இருந்த அத்தனை செய்தித்தாள்களும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. பார்த்தார்கள். பிறகு அத்தனை செய்தித்தாள்களும் மேலே ஏறிவிட்டன.

"என்னவே, ஒருத்தனும் பதில் கூவ மாட்டேங்கான்?"

கோட்டையில் இறங்கினோம். அங்கே அண்டங்காக்கைகளை அரசாங்கமே வளர்க்கிறது, தீனி போடத் தனி ஆள் உண்டு என்று சொன்னேன். மச்சான் காக்கையையும் பார்த்தார், சீருடை போட்ட ஆளையும் பார்த்தார். "காக்காய்க்குச் சோறு வைக்க உத்தியோகமா? எங்க ஆச்சி ஒருத்தி சும்மால்லா வச்சா" என்றார். அடுத்து ஆற்றங்கரை மணிக்கூண்டு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். நானும் பெருமையோடு நின்றேன், நான் கட்டியதைப் போல.

"ஒசரந்தான். ஆனா நம்ம தென்காசிக் கோபுரம் இடி விழுந்து பிளக்காம இருந்திருந்தா, இதுக்கு ஒரு முழம் கூடத்தான் இருக்கும்."

"இருக்கும் மச்சான்."

ஊர் பிடித்திருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. 'ம்' என்பார், 'நல்லாத்தான் இருக்கு' என்பார், உடனே மக்களைப் பார்ப்பார். யாரும் யாரோடும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பெயர் இன்னொருவனுக்குத் தெரியாது. "இவங்க சண்ட கூடப் போட மாட்டாங்களோ?" என்று கேட்டார். பாத்திமுத்து கேட்டனுப்பிய கேள்விக்கு அவர் விடை தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. என் வரிசையில் கோட்டையும் மணிக்கூண்டும் இருந்தன. மனிதர்கள் இல்லை.

5

ஸ்லோன் சதுக்கம் என்று ஒரு ஸ்டேஷன். அதில் இறங்கினால் மேலே ஏறவே வேண்டாம். நடைமேடையிலேயே ஓர் அதிசயம் உண்டு. தலைக்கு மேல், தண்டவாளத்துக்குக் குறுக்கே, ஒரு பெரிய இரும்புக் குழாய் போகும். அதற்குள் ஓடுவது ஓர் ஆறு. ரயில் போடும்போது ஆறு குறுக்கே வந்ததாம். ஆற்றைக் குழாய்க்குள் புகுத்தி மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். குற்றாலத்து ஆளுக்கு இதைக் காட்டாமல் விடலாமா?

மச்சான் குழாயைப் பார்த்தபடி வாயைத் திறந்து நின்றார்.

"ஆறா? நெசமாவே ஆறா?"

"ஆறுதான்."

"அட பாவிகளா! ஒரு ஓட்டையப் போட்டு விட்டா ஐந்தருவி மாதிரி விழும்லா. இப்படியா அடச்சு வப்பானுவோ?"

தோளில் இருந்த துண்டு தன்னால் கைக்கு வந்துவிட்டது. தண்ணீரைக் கண்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் துண்டு கைக்கு வந்துவிடும். அவர்கள் எடுப்பதுகூட இல்லை.

அந்த நேரம் பார்த்து அடுத்த சுற்று வண்டி உள்ளே வந்தது. நல்ல கூட்டம். கதவுகள் திறந்தன, மளமளவென்று ஆட்கள் இறங்கினார்கள். கையில் துண்டு; எதிரே நெரிசலான வண்டி; உள்ளே ஒரே ஓர் இருக்கை காலி. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சானின் கை சுழன்றது. இறங்குகிறவர்களின் தொப்பிகளுக்கு மேலே பறந்து போய், துண்டு அந்த இருக்கையில் விழுந்தது. அத்தனை வருஷம் கழித்தும் குறி தப்பவில்லை.

"எடம் போட்டாச்சு மாப்ள!" என்றார். பிறகு தென்காசி வழக்கப்படி, அவசரம் இல்லாமல் ஒதுங்கி நின்று, ஒரு கிழவிக்கு வழிவிட்டு, பிள்ளையோடு வந்த ஒரு பெண்ணை முதலில் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கதவுகள் மூடிக்கொண்டன.

இந்த ஊர் வண்டிக் கதவுகளுக்கு ஆள் தேவையில்லை, மூடினால் மூடியதுதான். வண்டி நகர்ந்தது. மச்சான் கூடவே ஓடினார், பழைய நாளில் ஓடியதைப் போல. துண்டு ஒரு ஜன்னலில் தெரிந்தது, மறைந்தது, இருட்டுக்குள் போய்விட்டது.

திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அது தங்கச்சி எடுத்துத் தந்த துண்டுவே. கப்பலேறும்போது அவ கையால தோள்ல போட்டு விட்டா."

வண்டி போன இருட்டையே பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்:

"ஒரு துண்டு ஏறுன எடம் தெரியாமப் போயிருச்சு. இந்த ஊருக்குத் தங்கச்சிய அனுப்புன்னு எந்த வாய வச்சுவே வாப்பாகிட்டச் சொல்லுவேன்?"

6

நடைமேடையில் ஜமைக்காக்காரர் ஒருவர் வேலையில் இருந்தார். நல்ல உயரம். அவரிடம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, காணாமல்போன பொருட்களுக்கென்று ஓர் ஆபீஸ் இருக்கிறது, மனு எழுதிப் போட்டால் சில நாட்களில் தகவல் வரும் என்றார். பொருளின் பெயர், நிறம், மதிப்பு, தொலைத்த காரணம் எல்லாம் எழுத வேண்டுமாம்.

மச்சானிடம் சொன்னேன்.

"காரணம் என்னன்னு எழுதுவீரு? எடம் பிடிச்சேன்னா?"

"சில நாளு ஆகுமாம் மச்சான்."

"நாளைக்கு எனக்குக் கப்பலுவே."

ஜமைக்காக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். துண்டை ஏன் வண்டிக்குள் எறிந்தார் என்று கேட்டார். ஊர் வழக்கத்தைச் சொன்னேன். குழாயில் ஓடிய ஆறே நின்றுவிடும் போலச் சிரித்தார். எங்கள் ஜமைக்காவில் பஸ்ஸுக்குத் தொப்பியை எறிவோம் என்றார். பிறகு சொன்னார்: "அது சுற்று வண்டிதானே? இங்கேதானே திரும்ப வர வேண்டும்? நில்லுங்கள்."

எனக்குத் தெரியாத விஷயமா? எத்தனை குளிர்காலம் அதில் சுற்றியிருக்கிறேன்! பதற்றத்தில் மறந்துபோயிருந்தேன்.

ஆற்றுக் குழாய்க்கு அடியில், துண்டு எறிந்த அதே இடத்தில் நின்றோம். சுற்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் அந்தப் பெட்டியை எட்டிப் பார்த்தோம். இல்லை. இடையில் வேறு ஊர் போகும் வண்டிகளும் வந்தன. மச்சான் அவற்றையும் எட்டிப் பார்த்தார். காத்திருந்த நேரத்தில் அவரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"மச்சான், போயி நல்லதா மட்டும் சொல்லாதீங்க. இங்கன வீடு கேட்டுப் போனா, நம்ம நிறத்தப் பாத்துட்டுக் கதவச் சாத்துதவன் உண்டு. நானே அலைஞ்சிருக்கேன். இப்ப இருக்க அறைகூட எலிப் பொந்துதான்."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கதவச் சாத்துதவன் நம்ம ஊருலயும் உண்டும்லா" என்றார்.

எத்தனை வண்டிகள் போயின என்று நினைவில்லை. கடைசியில் ஒன்று வந்தது. பெட்டி நிறையக் கூட்டம். நாலைந்து பேர் பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்தது. ஆட்கள் விலகினார்கள்.

அத்தனை பேர் நிற்க, நடுவில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அதில் துண்டு இருந்தது. எறியும்போது சுருண்டு விழுந்த துண்டு. இப்போது யாரோ அதை உதறி, நாலாக மடித்து, கரை மேலே தெரியும்படி வைத்திருந்தார்கள்.

ஜமைக்காக்காரர் பின்னாலிருந்து, "ஏறுங்கள்! இந்த முறையாவது ஏறுங்கள்!" என்று எங்கள் இருவரையும் உள்ளே தள்ளினார்.

பக்கத்து இருக்கையில் குடையோடு ஒரு வயதான அம்மாள் இருந்தார். மச்சானின் வெறுந்தோளைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். உங்களுடையதுதானா, நான் ஏறும்போதே இருந்தது, ஆள் வருவார் என்று நினைத்தேன் என்றார். மச்சானுக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. விஷயம் புரிந்துவிட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திமிங்கலம் காட்டுவதாகத் திட்டம். அங்கே ஒரு பெரிய காட்சிசாலை இருக்கிறது. மச்சான் எழுந்திருக்கவே இல்லை.

"திமிங்கலம் கெடக்கட்டும். எடம் போட்டு வாங்குனது. ஒரு சுத்து முழுசா உக்காந்துட்டுத்தான் எந்திரிப்பேன்."

சுற்றினோம். ஊர் முழுவதும் வட்டமாக எங்களைக் கடந்து போயிற்று. பாதி வழியில், முன்னால் நின்றுகொண்டிருந்த ஒருவரை எனக்குக் காட்டி மெதுவாகச் சொன்னார்:

"செங்கோட்ட வண்டியில துண்டு கெடந்தா, அத எறிஞ்சுட்டு உக்காருதவன்ட நான் எத்தன சண்ட போட்டிருப்பேன். இவ்வளவு பேரு நிக்கான், ஒருத்தன் கை வைக்கலையே மாப்ள. யாரு துண்டுன்னு கூடத் தெரியாது."

குகை வந்தது. அவர் கூவவில்லை. எதிரே தாயின் மடியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவனைப் பார்த்துக் கண் சிமிட்டினார். சிறுவன் கூவினான்.

7

சாயங்காலம் என் அறையைப் பார்க்க வேண்டும் என்றார். மாடிப்படி ஏறி வந்தார். கட்டிலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். ஜன்னல் இருப்பதில் அவருக்குப் பெரிய திருப்தி. வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"சாரலுல்லா விழுது!"

"வருசம் பூரா விழும் மச்சான்."

"இத முதல்லயே எழுதித் தொலச்சிருக்கப்படாதாவே? குழின்னு எழுதிட்டு."

கிளம்பும்போது தோளிலிருந்த துண்டை எடுத்தார். ஒரு தரம் உதறினார். அறையில் இருந்த ஒரே நாற்காலியில், நாலாக மடித்து, கரை மேலே தெரிய வைத்தார்.

"தங்கச்சிக்கு எடம் போட்டாச்சு. அவ வந்து எடுக்குத வரைக்கும் யாரும் உக்காரப்படாது. நீரும்தான்."

வெறுந்தோளோடு கப்பலுக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஆபீஸ்களுக்கு அலைந்த கதையைச் சொன்னால் இந்தக் காகிதம் போதாது. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் நாங்கள் வடகரைக் குடும்பம். தபால்காரர் என்னை மிஸ்டர் வடகரை என்றுதான் கூப்பிடுகிறார். ஒரு ஊரே அறைக்குள் குடியிருக்கிற மாதிரி இருக்கும்.

அந்தக் காலம் முழுவதும் நாற்காலியில் நான் உட்காரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். சேக்காளிகள் வந்தால் நின்றுகொண்டு பேசுவார்கள். ஒருவன் தெரியாமல் உட்காரப் போனபோது நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். தென்காசி ஸ்டேஷன் சண்டை லண்டனில் ஒரு தரம் நடந்தது அப்போதுதான்.

பாத்திமுத்து வந்து இறங்கிய நாளில் அவளையும் ரயிலில்தான் கூட்டி வந்தேன். வழியில் கோட்டையைக் காட்டினேன், மணிக்கூண்டைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பயணக் களைப்பு. மாடிப்படி ஏறி அறைக்குள் வந்ததும் நின்றுவிட்டாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் அண்ணனுக்கு எடுத்துக் குடுத்த துண்டுல்லா?"

"ஆமா."

"இங்கன எதுக்குக் கெடக்கு?"

"உனக்கு எடம் போட்டுட்டுப் போனாரு."

"இத்தன நாளாவா? நீங்க எங்கன உக்காந்தீக?"

"கட்டில்ல."

பெட்டியை வைத்தாள். துண்டை எடுத்து உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சாயா போடத் தெரியும்லா? போடுங்க."